முதல் எபிசோடு எதைச் செலவழிக்கிறது?

ஜப்பானியத் தொலைக்காட்சிக்கென வரையப்படும் அசைவூட்டத் தொடர்கள், அதாவது 'அனிமே' என்று உலகெங்கும் வழங்கப்படுபவை, ஆண்டு முழுவதும் சீராகப் பரவித் தொடங்குவதில்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்னும் நான்கு மாதங்களின் முதல் இரண்டு வாரங்களுக்குள் அவை கூட்டங்கூட்டமாக அறிமுகமாகி, ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓடி, அடுத்த கூட்டத்துக்கு இடம்விட்டு ஓய்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை சிறுவர்களுக்கானவை அல்ல. வேலை முடித்து வீடு திரும்பிய இளைஞர்களை நோக்கி நள்ளிரவை ஒட்டிய நேரங்களில் ஒளிபரப்பாகின்றன. இரவு 12 மணியை '24 மணி' என்றும் ஒன்றரை மணியை '25.30' என்றும் குறிக்கும் விநோத வழக்கம்கூட அந்நாட்டு நிகழ்ச்சி நிரல்களில் உண்டு. ஜப்பானின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது என்பதால், டோக்கியோ தூங்கப்போகும் நேரத்தில் தொடங்கும் தொடர் புதுக்கோட்டையில் இரவு 8.30 மணிக்குத் தொடங்குகிறது. உரிமம் பெற்ற இணையத் தளங்களில் அது பெரும்பாலும் அன்றிரவே ஏறிவிடுவதால், கீழ ராஜவீதியில் கடைகள் அடைத்துச் சிறிது நேரத்துக்கெல்லாம் ஊரிலுள்ள ஒரு கல்லூரி மாணவரின் கைபேசியில் அது ஓடத் தொடங்கிவிடும்.

இப்படி வந்துசேரும் முதல் எபிசோடுகளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டு, எந்தத் தொடரைப் பின்தொடர்வது, எதைக் கைவிடுவது என்று முடிவுகட்டுவது இன்று தனியொரு பார்வைப் பழக்கமாகவே வளர்ந்திருக்கிறது. முதல் நாள் முதல் காட்சிப் பண்பாட்டில் ஊறிய தமிழ்க் கண்களுக்கு இது பழகிய செயலாகத் தோன்றினாலும் இரண்டும் ஒன்றல்ல. திரையரங்கில் தீர்ப்புக்கு உள்ளாவது முடிந்த படைப்பு, இங்கே தீர்ப்புக்கு உள்ளாவதோ, பிற்பகுதிகள் இன்னும் வரைமேசையில் கிடக்கக்கூடிய, பாதி கட்டிய வீட்டின் முகப்பு. முகப்புக்கு எவ்வளவு செலவானது என்று பார்ப்பவர் ஏமாறுவது எளிது. எதைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பவர் ஓரளவு தப்பிக்கலாம். இந்த அளவுகோலை, தமிழ்க் குரலில் 'சோலோ லெவலிங்' தொடர் கிடைக்கத் தொடங்கிய 2024 ஜனவரிப் பருவத்தின் அறிமுகங்களின்மேல் வைத்துப் பார்ப்பது பயன்தரும்.

பருவத்தின் கணக்கு

ஆண்டின் 52 வாரங்களை நான்காக வகுத்தால் கிடைக்கும் 13 வாரங்களே ஒளிபரப்பின் அடிப்படை அலகு. ஜப்பானியர் இதைக் 'கூர்' என்கின்றனர். ஒரு தொடர் ஒரு கூரோடு, அதாவது 10 முதல் 13 எபிசோடுகளோடு முடியலாம், அல்லது இரண்டு கூர் தொடர்ந்து ஓடலாம். ஒவ்வொரு எபிசோடும் விளம்பரம் நீங்கலாக 24 நிமிடம்; அதில் தொடக்கப் பாடலுக்கு 90 வினாடி, நிறைவுப் பாடலுக்கு 90 வினாடி போக, கதைக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 21 நிமிடம். இந்த 21 நிமிடத்துக்குள் ஓர் உலகத்தை நிறுவி, மனிதர்களை அறிமுகப்படுத்தி, அடுத்த வாரமும் திரும்பி வரச் செய்ய வேண்டும் என்பதே முதல் எபிசோடின் சுமை.

பணம் போடுவது பெரும்பாலும் ஒரே முதலாளி அல்ல. மூலக் கதையின் பதிப்பகம், பாடல்களை வெளியிடும் இசை நிறுவனம், ஒளிபரப்பு நிலையம், பொம்மை விற்பவர், அண்மைக் காலத்தில் இணையத் தளம் எனப் பலர் கூடி நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் 'தயாரிப்புக் குழு' முறையே வழக்கத்தில் உள்ளது. படத்தை வரையும் கூடம் பல வேளைகளில் இக்குழுவில் பங்குதாரராக இல்லாமல் கூலி பெறும் ஒப்பந்தக்காரராகவே நிற்பதால், தொடர் பெருவெற்றி பெற்றாலும் வரைந்தவர்களுக்கு அதன் பங்கு முறையாகச் சென்று சேர்வதில்லை என்னும் குறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. குழுவினர் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்தின் வரவேற்பு வணிகச் செய்தி என்பதால், கைதேர்ந்த வரைஞர்களையும் மிகுந்த கால அவகாசத்தையும் முதல் எபிசோடுக்கே ஒதுக்கும் பழக்கம் நிலைபெற்றுவிட்டது. முதல் வாரத்தில் பட்டுப்போல் ஓடிய அசைவு ஏழாம் வாரத்தில் தட்டுத்தடுமாறுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அசைவு உருவாகும் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். ஓர் அசைவின் தொடக்கம், திருப்பம், முடிவு ஆகிய இன்றியமையாத நிலைகளை மூத்த வரைஞர் வரைவது 'முதன்மை வரைவு' எனலாம். அவற்றுக்கு நடுவிலுள்ள நிலைகளை இளையவர் வரைந்து நிரப்புவது 'இடை வரைவு'. திரையில் வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடினாலும் ஒவ்வொரு சட்டத்துக்கும் புதுப் படம் வரைய வேண்டியதில்லை. ஒரே படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 8 படங்கள் போதும். ஒசாமு தெசுகா 1963 ஜனவரி 1 அன்று தொடங்கிய 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரில் இந்தச் சிக்கனமே வாராந்தர அசைவூட்டத்தைச் சாத்தியமாக்கியது. உடல் அசையாமல் நிற்க வாய் மட்டும் அசைவது, ஓட்டத்தைக் காட்டப் பின்னணியை மட்டும் நகர்த்துவது, முன்பு வரைந்த காட்சியையே வேறிடத்தில் மீண்டும் பயன்படுத்துவது முதலிய உத்திகள் வறுமையில் பிறந்து, காலப்போக்கில் ஓர் அழகியலாகவே நிலைத்தன.

அசையாத கோட்டால் அசைவை உணர்த்துவது புதுக்கோட்டைக்குப் புதிதன்று என்பதைப் போகிற போக்கில் குறிப்பிடலாம். நகரத்துக்கு வடமேற்கே உள்ள சித்தன்னவாசலின் அறிவர் கோயிலில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் திருப்பணி செய்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அக்கோயிலின் விதானத்தில் உள்ள தாமரைக் குளத்தில் மொட்டு, பாதி விரிந்த பூ, முழு மலர் என ஒரே பூவின் பல பருவங்கள் அடுத்தடுத்து நிற்க, மீனும் யானையும் எருமையும் இலைகளினூடே நகர, மனிதர்கள் பூப்பறித்துக்கொண்டிருக்கின்றனர். தட்டையான வண்ணப் பரப்பும் அதைச் சூழும் உறுதியான கோடும் மட்டுமே கொண்ட அவ்வோவியத்தை நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு, அனிமே வரைஞர் ஒரு முகத்தை நான்கு வினாடி அசையாமல் நிறுத்துவது குறையாகத் தோன்றாது. அதற்காக இதற்கும் அதற்கும் வரலாற்றுத் தொடர்பு கற்பிப்பது வீண் வேலை.

தொடருக்குக் காத்திருந்த ஊர்

வாரந்தோறும் துண்டு துண்டாக வரும் கதைக்காகக் காத்திருப்பதும், படத்தோடு சேர்த்துக் கதை படிப்பதும் இம்மாவட்டத்தின் வாசிப்பு வரலாற்றிலேயே உள்ளவை. பெருங்களூரில் 1922இல் பிறந்த அகிலனின் 'சித்திரப்பாவை', ஓர் ஓவியனை நாயகனாகக் கொண்டு ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் ஞானபீட விருது பெற்ற நாவல். அதே 1922இல் இராயவரத்தில் பிறந்தவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா, 1925இல் அரிமளத்தில் பிறந்தவர், கௌசிகன் என்ற பெயரில் பெரியவர்களுக்கும் வாண்டுமாமா என்ற பெயரில் சிறுவர்களுக்கும் எழுதி, தமிழ்ச் சித்திரக்கதையின் முன்னோடிகளில் ஒருவராக விளங்கிய வி. கிருஷ்ணமூர்த்தி. 'கோகுலம்' இதழோடு இவ்விருவருக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது; வாண்டுமாமாவின் பொறுப்பில் வந்த 'பூந்தளிர்' 1980களில் ஒரு தலைமுறைச் சிறுவரைத் தபால்காரருக்காகக் காத்திருக்க வைத்தது. 1940களிலும் 50களிலும் புதுக்கோட்டை நகரிலிருந்தே பல சிறுவர் இதழ்கள் அச்சாகி வெளிவந்தன என்பதும், திருக்கோகர்ணத்திலுள்ள ஞானாலயா ஆய்வு நூலகம் முதல் பதிப்புகளையும் பழைய இதழ்களையும் தேடித் திரட்டி வைத்திருக்கிறது என்பதும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கவை.

ஜப்பானிலும் அனிமேயின் வேர் இத்தகைய வார இதழ்களில்தான் உள்ளது. 'மாங்கா' எனப்படும் சித்திரக்கதைகள் 1968இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' போன்ற தடித்த, மலிவுத் தாள் இதழ்களில் தொடராக வருகின்றன. இதழோடு வரும் அஞ்சலட்டையில் வாசகர் தமக்குப் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்ப, தொடர்ந்து பின்தங்கும் கதை சில மாதங்களிலேயே நிறுத்தப்படுகிறது. முதல் அத்தியாயத்திலேயே வாசகரைப் பிடித்துவிட வேண்டும் என்னும் பதற்றம் அங்கிருந்துதான் திரைக்கு வந்து சேர்ந்தது. தமிழ் வார இதழ்களில் ஆசிரியரின் பெயருக்காகவே ஒரு தொடர்கதை ஆறு மாதம் பொறுக்கப்பட்டதுண்டு. ஜப்பானிய இதழ் அத்தனை பொறுமை காட்டாது.

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் அனிமே தன் பெயரைச் சொல்லாமலே நுழைந்தது. 1990களின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷன் காட்டிய மௌக்லியின் கதை ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் கூடம் வரைந்தது என்பதை, அதை இந்தியில் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? பின்னர் சின்-சானும் டோரேமானும் தமிழ் பேசின. 2007இல் தொடங்கிய சுட்டி டிவியின் ஜாக்கி சான் தொடர் பலருடைய நினைவில் ஜப்பானியப் படமாகவே பதிந்திருக்கிறது. அது உண்மையில் அமெரிக்கத் தயாரிப்பு, அதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக்கியது குறும்பு மிகுந்த தமிழ்க் குரல்களே. 2019இல் மகோதோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' படத்தை இந்தியாவில் திரையிடக் கோரி ரசிகர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்ட, படம் அவ்வாண்டு அக்டோபரில் இந்தியத் திரைக்கு வந்தது. 2021இல் சோனி நிறுவனத்தின் கைக்கு மாறிய 'க்ரஞ்சிரோல்' தளம், 2022இல் இந்தியாவுக்கான மாதக் கட்டணத்தை 79 ரூபாயாகக் குறைத்தது. பின்னர் இந்தியோடு தமிழையும் தெலுங்கையும் தன் குரல்மொழிகளில் சேர்த்துக்கொண்டது.

மூன்று அறிமுகங்கள்

2024 ஜனவரியில் அதிக ஆரவாரத்தோடு வந்தது 'சோலோ லெவலிங்'. சுகோங் என்னும் புனைபெயர் கொண்டவர் எழுதிய கொரிய இணைய நாவல், ஜாங் சுங்-ராக் என்னும் ஓவியரின் கையால் கைபேசித் திரையில் மேலிருந்து கீழாகப் படிக்கும் சித்திரக்கதையாக மாறிப் பெரும்புகழ் பெற்றது. அனிமேயாக வருவதற்கு முன்பே, 2022இல், அவ்வோவியர் மறைந்துவிட்டார். ஏ-ஒன் பிக்சர்ஸ் கூடம் வரைந்து, ஹிரோயுகி சவானோ இசையமைத்த இத்தொடரில், வேற்றுலகுக்குத் திறக்கும் 'வாயில்'கள் வழியே அரக்கர் வருகின்றனர்; அவர்களைக் கொல்லும் ஆற்றல் பெற்ற வேட்டைக்காரர்கள் 'எஸ்' முதல் 'ஈ' வரை தரம்பிரிக்கப்படுகின்றனர்; நாயகன் சுங் ஜின்-வூ அந்தக் கடைசித் தரத்திலும் கடைசி.

முதல் எபிசோடு ஒரு தீவில் நடக்கும் மாபெரும் எறும்பரக்கப் போரோடு தொடங்குகிறது. அது கதையின் வெகு பிற்பகுதிக்கு உரிய நிகழ்ச்சி. அதில் நாயகனுக்கு வேலையே இல்லை. பணமும் வரைஞர் உழைப்பும் தாராளமாகக் கொட்டப்பட்ட அந்தச் சில நிமிடங்கள், தயாரிப்புக் குழுவினரின் அச்சத்தையே வெளிப்படுத்துகின்றன. வலுவற்ற ஒருவன் மருந்துச் செலவுக்காக வேலைக்குப் போகும் கதையை மட்டும் நம்பினால் பார்வையாளர் நழுவிவிடுவார் என்னும் அச்சம் அது. ஆனால் அதன் பிறகு வருவது வேறு தரம். படுக்கையில் கிடக்கும் தாய்க்காகவும் படிக்கும் தங்கைக்காகவும் உயிரைப் பணயம் வைத்துத் தினக்கூலிபோல் வேட்டைக்குப் போகும் ஜின்-வூ, அடிபடுவதற்கே பழகிப்போனவன். நிலவறைக்குள் மறைந்திருக்கும் இன்னொரு நிலவறை தென்பட, மேலே போவதா திரும்புவதா என்று குழுவினர் வாக்கெடுப்பு நடத்துகின்றனர். போக வேண்டாம் என்று உள்மனம் சொன்னாலும் வீட்டு நிலையை எண்ணிப் போகலாம் என்று அவன் கை தூக்குகிறான். அந்தக் கை தூக்கப்படும் காட்சியில் அசைவு மிகக் குறைவு. எறும்புப் போரைவிட அதுதான் நினைவில் நிற்கிறது. தொடரின் பெயரே அவனுடைய வளர்ச்சியைச் சொல்லிவிட்ட பிறகும், அந்த வளர்ச்சியின் சாயலைக்கூட முதல் எபிசோடு காட்டாமல் வைத்துக்கொண்டது துணிச்சலே. (ஜப்பானிய ஒளிபரப்பில் மாந்தருக்கு ஜப்பானியப் பெயர்கள் இடப்பட்டிருக்க, வெளிநாட்டுப் பதிப்பில் கொரியப் பெயர்களே ஒலித்தன என்பது இத்தொடரின் இன்னொரு விநோதம்.)

அதே வாரத்தில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'டெலிஷியஸ் இன் டன்ஜன்', ரியோகோ குயியின் மாங்காவைத் தழுவி ட்ரிக்கர் கூடம் வரைந்தது. செந்நிற டிராகனோடு போரிடும் வீரர்கள் பசியால் தோற்கின்றனர். தலைவன் லாயோஸின் தங்கை ஃபாலின் மற்றவர்களை மந்திரத்தால் வெளியே அனுப்பிவிட்டுத் தான் டிராகனின் வயிற்றுக்குள் போகிறாள். அவளைச் செரிப்பதற்குள் மீட்க வேண்டும், சோற்றுக்குப் பணமில்லை, ஆகவே நிலவறையில் திரியும் அரக்கப் பிராணிகளையே சமைத்துத் தின்றபடி கீழிறங்குவது என்று முடிவாகிறது. வீர சாகசக் கதைகளில் பல பத்தாண்டுகளாக யாரும் கேட்காத கேள்வி, இவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுதான். இத்தொடர் அதிலிருந்தே தன் உலகத்தைக் கட்டுகிறது.

முதல் எபிசோடின் உச்சம் போரன்று, ஒரு குழம்புச் சட்டி. பத்து ஆண்டுகளாக நிலவறைச் சமையலை ஆராய்ந்துவரும் சென்ஷி என்னும் குள்ளர் வந்து, லாயோஸ் கண்டபடி வேகவைத்துக்கொண்டிருந்த இராட்சதத் தேளை வாங்கி, ஆகாத உறுப்புகளை நீக்கி, சூடும் சாறும் ஏறும்படி கீறிவிட்டு, நடக்கும் காளானோடு சேர்த்துக் கொதிக்க விடுகிறார். உலர்த்திய சளி அரக்கன் சேமியாபோல் அதில் சேர்கிறது. தேளின் ஓடு மெல்லச் சிவக்கிறது. நண்டுக் குழம்பு வைக்கும் கடலோர வீடுகளில், கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும், இந்த நிறமாற்றத்தை அறியாதவர் இல்லை. ஆகவே கற்பனைப் பிராணியின் சுவை அவர்களுக்கு உடனே நாவில் உறுதிப்படும். அருவருப்போடு முதல் வாயை எடுக்கும் மார்சில் என்னும் மந்திரக்காரியின் முகத்தில் வெறுப்பு வியப்பாக மாறும் அந்தச் சில வரைவுகளில்தான் கூடம் தன் திறமையைச் செலவிடுகிறது. டிராகனோ, தங்கையின் கதியோ, மீண்டும் பேசப்படாமல் பின்னால் காத்திருக்கின்றன. சிரித்துக்கொண்டே சாப்பிடும் ஒவ்வொரு கவளத்தின் அடியிலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, அதற்கு முந்தைய பருவத்தில் தொடங்கி ஜனவரியிலும் ஓடிக்கொண்டிருந்த 'ஃப்ரீரென்'. மேட்ஹவுஸ் கூடத்தின் இத்தொடர் 2023 செப்டம்பர் 29 அன்று, திரைப்படங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட வெள்ளிக்கிழமை இரவு நேரத்தில், நான்கு எபிசோடுகளை ஒன்றாக்கிய இரண்டு மணி நேரச் சிறப்பு ஒளிபரப்பாக அறிமுகமானது. ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு அந்த இடம் அதற்கு முன் தரப்பட்டதில்லை. அசுரவேந்தனை வீழ்த்தப் பத்தாண்டுகள் பயணம் செய்த நால்வர் குழு வெற்றியோடு ஊர் திரும்பும் இடத்தில்தான் கதையே தொடங்குகிறது. அந்தப் போர் காட்டப்படுவதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட எல்ஃப் இன மந்திரக்காரி ஃப்ரீரெனுக்குப் பத்தாண்டு என்பது ஒரு பொருட்டல்ல, 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விண்கற்பொழிவை அடுத்த முறை நல்ல இடத்திலிருந்து காட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போகிறாள், சொன்னபடி வருகிறாள், வீரன் ஹிம்மெல் குள்ளமாகிக் கிழவனாகி நிற்கிறான். அடுத்து அவனுடைய இறுதிச் சடங்கு. பத்தாண்டு உடனிருந்தும் அவனை அறிந்துகொள்ள முயலவில்லையே என்று அவள் அழும் நொடி வரை அவள் முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் வரையப்படவில்லை. அந்த ஒரு நொடிக்காகவே முன்னிருந்த நிமிடங்கள் அத்தனையும் அடக்கி வைக்கப்பட்டிருந்தன என்பது அப்போதுதான் தெரிகிறது.

ஏமாற்றும் முகப்புகள்

முதல் எபிசோடின் தீர்ப்பு பொய்த்த கதைகளும் பல. இன்று உலகமறிந்த 'டீமன் ஸ்லேயர்' 2019 ஏப்ரல் 6 அன்று தொடங்கியபோது, பனியில் தங்கையைச் சுமந்து நடக்கும் கரி விற்கும் சிறுவனின் முதல் எபிசோடு அழகாக இருந்தும், அது பருவத்தின் பல நல்ல தொடர்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டது. ஆகஸ்ட் 10 அன்று 19ஆம் எபிசோடு ஒளிபரப்பான பிறகே மாங்காவின் விற்பனையும் தொடரின் புகழும் கட்டுமீறி எழுந்தன. அடுத்த ஆண்டு வந்த அதன் திரைப்படம் ஜப்பானிய வசூல் வரலாற்றில் முதலிடம் பிடித்தது; அதே தொடரின் 'இன்ஃபினிட்டி காசில்' படம் 2025 செப்டம்பர் 12 அன்று தமிழ்க் குரலோடும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. முதல் வாரத்திலேயே கைவிட்டவர்கள் 18 வாரம் பின்தங்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுபக்கத்துக்கு 'உசுமாகி' சான்று. ஜுன்ஜி இதோவின் திகில் மாங்காவைக் கறுப்பு வெள்ளையில், மூலத்தின் கோடுகளை அப்படியே பெயர்த்ததுபோல் அசைத்துக் காட்டிய அதன் முதல் எபிசோடு 2024 செப்டம்பர் இறுதியில் வந்தபோது பாராட்டு பொழிந்தது; ஒரே வாரம் கழித்து இரண்டாம் எபிசோடில் அசைவின் தரம் கண்கூடாகச் சரிந்தது; தயாரிப்பில் கோளாறு நேர்ந்ததை நிர்வாகத் தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டார். மொத்தமே நான்கு எபிசோடுகள்தான். 2011 ஜனவரியில் வந்த 'மடோகா மாஜிகா'வோ இதற்கு நேர்மாறாக, சிறுமிகளுக்கான மாயாஜாலக் கதைபோல் வேண்டுமென்றே இரண்டு வாரம் நடித்துவிட்டு, மூன்றாம் எபிசோடில் தன் கொடூர முகத்தைக் காட்டியது. மூன்று எபிசோடு பார்க்காமல் முடிவுகட்டக் கூடாது என்று ரசிகரிடையே வழங்கும் விதிக்கு அதையே முதன்மையான எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். விதி நல்லதுதான், ஆனால் பருவத்துக்கு ஐம்பது தொடர் வந்தால் மூன்று மூன்றாகப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

தமிழ்க் குரல்

தமிழில் கேட்கும்போது இந்த முதல் எபிசோடுகள் அடையும் நன்மை ஒன்று உண்டு. அது போதிய கவனம் பெறவில்லை. ஜப்பானிய வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கும்; நடந்ததா நடக்கவில்லையா என்பதைச் சொல்லும் எதிர்மறையும் அந்த வினையின் வாலில்தான் ஒட்டும்; காலமும் ஐயமும் வேண்டுகோளும்கூட அவ்வாறே. ஆகவே ஒரு மாந்தர் பேசி முடிக்கும் கடைசி அசையில்தான் பொருள் திறக்கிறது. கேட்பவர் முகத்தைக் காட்டும் அடுத்த காட்சித்துண்டு அந்த அசையைக் கணக்கிட்டே வெட்டப்படுகிறது. ஆங்கிலத் துணையெழுத்தோ வாக்கியத்தின் நடுவிலேயே இரகசியத்தை உடைத்துவிடுகிறது. தமிழ் வாக்கியம் ஜப்பானியத்தின் அதே வரிசையில் நடப்பதால், நல்ல உரையாடலாசிரியர் கடைசி அசைவரை பொருளை ஒளித்துவைக்க முடியும். சுசுமு ஓனோ முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கையை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இங்கே அந்த உறவு தேவையும் இல்லை, இலக்கணத்தின் நடை ஒத்திருந்தாலே போதும்.

மரியாதைப் படிகளும் அப்படியே. மூத்த வேட்டைக்காரரிடம் ஜின்-வூ பேசும் பணிவும், தங்கை அவனிடம் எடுக்கும் உரிமையும், 'நீங்க', 'அண்ணா' என்று தமிழில் தாமாக வந்து அமர்கின்றன. இடர் எங்கே என்றால், தமிழ் வினைமுற்றுகளின் நீளத்தில். ஜப்பானிய வாயசைவு மூடிய, பாதி திறந்த, முழுதும் திறந்த எனச் சில நிலைகளாகவே வரையப்படுவதால் உதட்டுப் பொருத்தம் கடினமில்லை எனினும், பேச்சு நீண்டால் காட்சி முடிந்த பிறகும் குரல் தொங்கும். அதைச் சமாளிக்க வேகமாகப் பேச வைப்பதும், அமைதியாக விடப்பட்ட இடங்களைச் சினிமா வசனத்தால் நிரப்புவதும் டப்பிங்கில் எளிதில் நேரும் குற்றங்கள். ஹிம்மெலின் சவப்பெட்டிமுன் ஃப்ரீரென் நிற்கும் அமைதியை எந்தப் பஞ்ச் வசனமும் ஈடுசெய்யாது.

தமிழ்ப் பத்திரிகைகள் திரைப்படத்துக்கு வெள்ளிக்கிழமையே மதிப்பெண் போடுகின்றன. தமிழ்க் குரலில் வரும் இத்தொடர்களுக்கு, அவற்றின் உரையாடலை எழுதியவர் யார், குரல் கொடுத்தவர் யார் என்றுகூட எழுதுவதில்லை. வாண்டுமாமாவும் வள்ளியப்பாவும் பிறந்த மாவட்டத்தின் வாசகர்கள் அதைக் கேட்டுவாங்குவது நியாயமே.

2024 ஜனவரியின் மூன்றையும் வரிசைப்படுத்தச் சொன்னால், ஆழத்தில் 'ஃப்ரீரென்' முந்தும், ஆரவாரத்தில் 'சோலோ லெவலிங்' முந்தும்; 24 நிமிடத்துக்குள் நின்று, கையிருப்பைத் தீர்க்காமல், வயிற்றையும் கதையையும் ஒருசேரப் பசிக்க வைத்த முதல் எபிசோடு என்ற வகையில் முதலிடம் 'டெலிஷியஸ் இன் டன்ஜன்' தொடருக்கே. புதிதாகத் தொடங்குபவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதிலிருந்து தொடங்கலாம்.